டார்கஸ் (1971): முதல் பக்கம் எரிமலை, இரண்டாம் பக்கம் ஏன் இப்படி?

சுழல்மேசை

பிரிட்டிஷ் ராக் குழுவான எமர்சன், லேக் அண்ட் பால்மரின் இரண்டாவது ஆல்பத்தை இந்த வாரம் இசைத்தட்டில் ஆறு தடவை கேட்டேன். சரியாகச் சொன்னால் முதல் பக்கத்தை ஆறு தடவை, இரண்டாம் பக்கத்தை ஒன்றரை தடவை. இந்தக் கணக்கு உறுத்தியதால்தான் இந்த இழை.

புதிதாக வருபவர்களுக்காக: கீபோர்டு கீத் எமர்சன், நைஸ் குழுவிலிருந்து வந்தவர். பாட்டும் பேஸ் கிதாரும் கிரெக் லேக், கிங் கிரிம்சனின் முதல் ஆல்பத்தில் பாடியவர். டிரம்ஸ் கார்ல் பால்மர், அட்டாமிக் ரூஸ்டரில் இருந்தவர். 1970 நவம்பரில் வந்த முதல் ஆல்பம், மூன்று பேரும் ஆளுக்கொரு மூட்டையைக் கொண்டுவந்து ஒரே திண்ணையில் அவிழ்த்துப் போட்ட மாதிரி இருக்கும். நல்ல சரக்குதான், ஆனால் மூன்று பேர் சரக்கு. அடுத்த ஜனவரியிலேயே லண்டன் அட்விஷன் ஸ்டூடியோவுக்குள் போய்விட்டார்கள். 1971 ஜூனில் டார்கஸ் வந்தது. முதல் பக்கம் முழுக்க ஒரே படைப்பு, ஏழு பகுதிகள், இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் முதல் பத்துக்குள்.

அந்தப் பக்கத்தைப் பற்றி எனக்குச் சண்டை கிடையாது. தட்டைத் திருப்பிப் போட்டதும்தான் சண்டை. எரிமலை வெடித்து, போர் நடந்து, எல்லாம் அடங்கி உட்கார்ந்திருக்கும்போது ‘ஜெரமி பெண்டர்’ என்று ஒரு மதுக்கடைப் பியானோ துள்ளிக்கொண்டு வருகிறது. கடைசியில் ‘ஆர் யூ ரெடி, எடி?’ என்று ஒலிப்பதிவாளரை வைத்து ஒரு கேலிப்பாட்டு. இவ்வளவு பெரிய ஆசையோடு தொடங்கிய ஆல்பம் பாதியில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கூத்தடிக்கிறதே, ஏன்? நேரம் போதவில்லையா, சரக்கு தீர்ந்துபோயிற்றா, அல்லது எனக்குத்தான் காது பத்தவில்லையா?

பாதிராத்திரி

என் தட்டில் இரண்டாம் பக்கம் இன்றும் புத்தம்புதிது. அதுவே பதில்.

கண்டநடை

இரண்டாம் பக்கத்துக்கு அப்புறம் வருகிறேன். எனக்கு முதல் பகுதியான ‘எரப்ஷன்’ தாண்டவே ஒரு மாதம் ஆயிற்று. நான் மிருதங்கம் கற்றவன். முதல் தடவை கேட்டபோது கை தன்னால் தொடைக்குப் போனது, ஆனால் தாளம் பிடிபடவில்லை. நாலு நாலாகப் போட்டால் எங்கேயோ வழுக்குகிறது.

அப்புறம்தான் ஐந்து என்று தெரிந்தது. மேற்கத்திய எழுத்தில் ஐந்து கால், அதைப் பாதியாகப் பிளந்தால் பத்து அரைக்கால். நம் கணக்கில் கண்ட சாபு இரண்டு சுற்று. எண்ணிக்கை கச்சிதமாக வந்து உட்காரும். ஆனால் அழுத்தம் விழுகிற இடங்கள் நம் பழக்கத்துக்கு ஒத்துவராது. ‘தக தகிட’ என்று சொல்லிக்கொண்டே கேட்டால் எமர்சனின் இடது கை நம்மைப் பார்த்துச் சிரிக்கும். வாயில் சொல்கட்டு வேண்டாம், விரலில் பத்து மட்டும் எண்ணுங்கள். மூன்றாவது சுற்றில் ஒட்டிக்கொள்ளும்.

இந்த முழுப் படைப்புக்கும் விதை பால்மர் பயிற்சிக்குத் தட்டிக்கொண்டிருந்த ஒரு தாளக்கட்டுதான் என்று எமர்சன் சொல்லியிருக்கிறார். ஆசாமி சும்மா உட்கார்ந்து தட்டியதைக் கேட்டு, அதன்மேல் இவர் வீடு கட்டியிருக்கிறார். இழையில் எல்லாரும் எமர்சன், லேக் என்றே பேசப்போகிறீர்கள் என்று தெரியும். கடைக்காலைப் போட்டது டிரம்ஸ்காரர் என்று இங்கேயே எழுதி வைக்கிறேன்.

ஆர்கன்விரல்

கண்டநடை சொன்ன இடது கையைப் பற்றி நானும் கொஞ்சம். வீட்டில் ஒரு கீபோர்டு வைத்துக்கொண்டு இதை உருட்டிப் பார்த்திருக்கிறேன். வேகத்தில் பாதிகூட வரவில்லை, ஆனால் மெதுவாக வாசித்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.

சாதாரண ராக் பாட்டில் சுரக்கூட்டு எப்படி அமையும்? ச, க, ப. ஒன்று விட்டு ஒன்றாக, மூன்றாம் சுரங்களாக அடுக்குவது. காதுக்கு உடனே ‘இது சந்தோஷம், இது சோகம்’ என்று புரிந்துவிடும். ‘எரப்ஷன்’ அடுக்கு வேறு. ச, ம, நி என்று நாலாம் சுரங்களாக ஏற்றிப் பாருங்கள் (சுத்த மத்திமம், கைசிகி நிஷாதம்). அது சந்தோஷமும் இல்லை, சோகமும் இல்லை. எந்தப் பக்கமும் சாயாமல் அந்தரத்தில் நிற்கும். அந்த அந்தரத்தைத்தான் இவர் நிமிடக்கணக்கில் ஓட்டுகிறார். பார்டோக், ஹினாஸ்டெரா போன்ற மேற்கத்தியச் செவ்விசை அமைப்பாளர்களைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்ட கை அது. அர்ஜென்டினாக்காரரான ஹினாஸ்டெராவின் பியானோ கான்செர்டோவிலிருந்து ஒரு பகுதியை 1973இல் இவர்களே எடுத்து வாசித்தார்கள்.

அப்புறம் ஒலி. எமர்சன் வாசிக்கிற ஹாமண்ட் என்ற மின் ஆர்கனில் ஒவ்வொரு கட்டையை அழுத்தும்போதும் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் வரும். உள்ளே மின்தொடர்பு ஒட்டும் சத்தம். செய்தவர்கள் அதைக் குறை என்று நினைத்து அடக்கப் பார்த்தார்கள், ராக்காரர்களுக்கோ அதுதான் பிடித்தது. ஹெட்போன் போட்டு ‘எரப்ஷன்’ கேளுங்கள். ஆர்கன் ஓசைக்கு முன்னால் மழைத்துளி தகரத்தில் விழுகிற மாதிரி அந்த ‘டிக்’ ஓடும். அதனால்தான் அது ஆர்கனாக இருந்தும் தாளவாத்தியம் போல் அடிக்கிறது.

சுழல்மேசை

அருமை. ச-ம-நி அடுக்கி வாசித்துப் பார்த்தேன், அந்தரம் என்பது சரியான சொல். ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. இதையெல்லாம் செய்தவர்கள்தான் ஜெரமி பெண்டரும் செய்தார்கள்!

கறுப்புவட்டு

தம்பி, உன் கேள்விக்கான பதில் இரண்டாம் பக்கத்தில் இல்லை, முதல் பக்கத்தில்தான் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

எமர்சன் இந்த யோசனையைக் கொண்டுவந்தபோது லேக்குக்குப் பிடிக்கவில்லை. ‘இந்த மாதிரி வாசிக்கணும் என்றால் உன் தனி ஆல்பத்தில் வாசித்துக்கொள்’ என்கிற தொனியில் சொல்லிவிட்டார். குழு பிறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் உடையும் நிலைமை. மேலாளர் உட்கார வைத்துப் பேசி, ‘முயன்றாவது பார்ப்போம்’ என்று லேக்கை இறங்கிவர வைத்தார்கள். இதில் வேடிக்கை, தட்டின் பின்னட்டையில் தயாரிப்பாளர் என்று இருக்கும் பெயர் கிரெக் லேக்!

இப்போது ஏழு பகுதிகளையும் வரிசையாக வைத்துப் பார். எரப்ஷன், பாட்டு இல்லை. ஸ்டோன்ஸ் ஆஃப் இயர்ஸ், பாட்டு. ஐகனோகிளாஸ்ட், பாட்டு இல்லை. மாஸ், பாட்டு. மான்டிகோர், பாட்டு இல்லை. பேட்டில்ஃபீல்ட், பாட்டு. அக்வாடார்கஸ், பாட்டு இல்லை. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு எமர்சன் கையில். இரண்டு, நாலு, ஆறு லேக் வாயில். ஒருவர் ஓடுவார், மற்றவர் பிடித்து நிறுத்தி உட்கார வைப்பார். மறுபடி அவர் பிய்த்துக்கொண்டு ஓடுவார். கட்டமைப்பு, கருப்பொருள் என்று பெரிய வார்த்தையெல்லாம் போடுகிறார்கள். எனக்கு அது ஒரே அறையில் இரண்டு பேர் கதவைத் திறந்து திறந்து சாத்துகிற சத்தமாகத்தான் கேட்கிறது.

அந்தச் சண்டை உச்சத்துக்கு வருவது ஆறாவது பகுதியில். ‘பேட்டில்ஃபீல்ட்’ இசையும் சொல்லும் லேக்குடையவை. அதுவரை இழுத்துக்கொண்டு போகப்பட்ட ஆள் ‘இப்போது என் முறை’ என்று எழுந்து நிற்கிறார். வேகம் இறங்குகிறது. மின்கிதாரை எடுத்து, குறைந்த சுரங்களை நீட்டி நீட்டி வாசிக்கிறார். பதினாறு சுரம் போடும் இடத்தில் இரண்டு போடுகிறார். நாலு நிமிடம்கூட இல்லை. ஆனால் போர் முடிந்த வயலில் ஒருவன் நடந்துபோகிற காட்சி அதில் இருக்கிறது. எமர்சனால் தனியாக எழுதியிருக்க முடியாத நாலு நிமிடம். லேக்கும் தனியாக எழுதியிருந்தால் அது வெறும் நல்ல பாட்டு. முன்னால் பதின்மூன்று நிமிடம் அந்தப் பத்து எண்ணிக்கை நம்மைத் துரத்தியிராவிட்டால் அந்த மெதுவுக்கு இவ்வளவு கனம் வராது.

ஆகவே உன் கேள்விக்கு: பேச்சுவார்த்தையில் முதல் பக்கம் எமர்சனுக்குப் போனது. இரண்டாம் பக்கம் மூன்று பேரும் வீட்டுக்குப் போய் செருப்பைக் கழற்றியது.

எதிர்ப்பாட்டு

இங்கே எல்லாரும் ஒரே பஜனை பாடுவதால் நான் கொஞ்சம் மாற்றிப் பாடுகிறேன்.

கதையைச் சொல்லுங்கள் பார்ப்போம். எரிமலை வெடிக்கிறது, முட்டையிலிருந்து டார்கஸ் என்று ஒரு பிராணி வருகிறது. உடம்பு ஓடு போர்த்திய அர்மடில்லோ, கீழே ராணுவ டாங்கியின் சங்கிலிச் சக்கரம், பக்கத்தில் பீரங்கி. அது மற்ற இயந்திர மிருகங்களை ஒவ்வொன்றாக அடித்துத் தள்ளுகிறது. கடைசியில் மான்டிகோர், அதாவது மனித முகம், சிங்க உடம்பு, தேள் கொடுக்கு, வந்து கண்ணில் கொட்டுகிறது. தோற்று ஆற்றில் விழுந்து நீர்வாழ் பிராணியாகிறது. எட்டு வயதுப் பையன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைகிற கதை. இதற்கு இருபது நிமிடம், மூன்று மேதைகள், முதலிடம்.

அதைவிட முக்கியம்: பாடல் வரிகளில் அந்த அர்மடில்லோ எங்கே? ஒரு வரியில்கூடக் கிடையாது. படம் ஒரு பக்கம் போகிறது, பாட்டு ஒரு பக்கம் போகிறது. இதைக் ‘கருத்து ஆல்பம்’ என்று சொல்லி நம் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரு முழுப் பக்கத்துக்கு ஒரே படைப்பு என்பதை இவர்கள்தான் கண்டுபிடித்த மாதிரி வேறு பேச்சு.

கறுப்புவட்டு

கடைசி வரி சரி. கண்டுபிடித்தது இவர்கள் இல்லை. பிங்க் ஃபிளாய்டின் ‘ஆட்டம் ஹார்ட் மதர்’ 1970 அக்டோபர், கிங் கிரிம்சனின் ‘லிசார்ட்’ 1970 டிசம்பர். இரண்டும் ஒரு பக்கத்தை முழுதாகத் தின்றவை. ஆனால் அப்புறம் வந்தவற்றைப் பாருங்கள். 1971 இலையுதிர் காலத்தில் ஃபிளாய்டின் ‘எக்கோஸ்’, வான் டெர் கிராஃப் ஜெனரேட்டரின் ‘எ பிளேக் ஆஃப் லைட்ஹவுஸ் கீப்பர்ஸ்’. 1972இல் ஜெனிசிஸின் ‘சப்பர்ஸ் ரெடி’, யெஸ்ஸின் ‘குளோஸ் டு தி எட்ஜ்’. டார்கஸ் வாசலைத் திறந்தது என்று சொல்ல மாட்டேன். பாதி திறந்திருந்த கதவை உதைத்தது என்று சொல்லலாம். ‘குளோஸ் டு தி எட்ஜ்’ பதிவானதும் அதே அட்விஷனில்தான், ஒலிப்பதிவாளரும் அதே எடி ஆஃபர்டு. சுழல்மேசை கேலிப்பாட்டு என்று திட்டினாரே, அந்த எடிதான்.

மடிப்பட்டை

எதிர்ப்பாட்டு, அர்மடில்லோவை ரொம்பத் திட்டாதீர்கள். எனக்கு இந்த ஆல்பம் பிடித்ததே அதனால்தான்.

வரைந்தவர் வில்லியம் நீல். அட்டைக்காக யோசனைகளைக் கிறுக்கிக்கொண்டிருந்தபோது ஓரத்தில் வந்த கிறுக்கல்தான் அது, எமர்சன் கண்ணில் பட்டு ஒட்டிக்கொண்டது. இசை ஒரு பக்கம் உருவாகிக்கொண்டிருந்தது, படம் இன்னொரு பக்கம் உருவாகிக்கொண்டிருந்தது, இரண்டையும் சேர்த்துத் தைத்ததுதான் கதை. ஆகவே நீங்கள் சொல்வது பாதி உண்மை, பாட்டு அந்தப் பிராணியைப் பற்றியது இல்லை. லேக் எழுதியது போரின் வீண்தனத்தைப் பற்றி. ‘மாஸ்’ முழுக்க மதகுருமார் மீது கோபம்.

ஆனால் பெரிய அட்டையைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? முன்னட்டையில் வெளிர் நிறத்தில் அந்தப் பிராணி நிற்கிறது. மேலே பெயர் எலும்புத் துண்டுகளை அடுக்கிய எழுத்தில். அட்டையைத் திறந்தால் உள்ளே கதை முழுக்கக் கட்டம் கட்டமாகப் படம். நான் முதல் தடவை கேட்டபோது ஒவ்வொரு பகுதிக்கும் விரலை ஒரு கட்டத்தில் வைத்துக்கொண்டே கேட்டேன். மான்டிகோர் கட்டத்தில் விரல் இருக்கும்போது ஆர்கன் அப்படிப் பாய்ந்து வரும். கைபேசியில் தபால்தலை அளவு படத்தோடு கேட்பவர்களுக்கு இந்தப் பாதி ஆல்பமே கிடைக்காது.

தோற்கடித்த மான்டிகோர் பெயரைத்தான் 1973இல் தங்கள் சொந்த ரெக்கார்டு நிறுவனத்துக்கு வைத்தார்கள். கதாநாயகன் பெயரை விட்டுவிட்டு வில்லன் பெயர்!

எதிர்ப்பாட்டு

விரல் வைத்துக் கேட்டது பிடித்திருக்கிறது. கதை பற்றிய கருத்தில் மாற்றமில்லை.

ஆர்கன்விரல்

யாரும் இரண்டாம் பக்கத்துக்கு வக்காலத்து வாங்காததால் நான் வாங்குகிறேன். முழுதுக்கும் இல்லை, நடுவில் இருக்கும் இரண்டுக்கு.

மூன்றாவது பாட்டு ‘தி ஒன்லி வே’. தொடங்குவது ஹாமண்ட் இல்லை, செயின்ட் மார்க்ஸ் தேவாலயத்தின் குழாய் ஆர்கன். எமர்சன் பழைய ஜெர்மன் இசைமேதை பாகின் எஃப் மேஜர் டொக்காட்டாவை வாசித்துக்கொண்டு உள்ளே நுழைகிறார். காற்றுக் குழாய்களின் கனம் காதை நிறைக்கிறது. சரி, பக்திப்பாட்டு என்று நாம் கைகூப்பும்போது லேக் பாட ஆரம்பிக்கிறார். கடவுள் இருந்தால் அறுபது லட்சம் யூதர்கள் எப்படிப் போனார்கள் என்று கேட்கிறார். தேவாலயத்தின் ஆர்கனை வைத்துக்கொண்டே! பாதியில் ஆர்கன் விலகி, பியானோவில் பாகின் இன்னொரு பிரெலூட் வந்து, டிரம்ஸும் பேஸும் சேர, ஜாஸ் மூவர் மாதிரி நடை பிடிக்கிறது. ஒட்டு தெரியவில்லை. முன்னூறு வருடத்துக்கு முந்தைய ஆள் இவர்களோடு உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருக்கிறது.

அது நிற்காமல் ‘இன்ஃபினிட் ஸ்பேஸ்’ ஆகிவிடுகிறது. பாட்டே கிடையாது, பியானோ ஒரே உருவைத் திரும்பத் திரும்பப் பின்னும், பால்மர் அதற்கு அடியில் நடப்பார். முதல் பக்கத்தின் ஆவேசம் ஒரு துளிகூட இல்லை. இந்த இரண்டும் வேறு ஆல்பத்தில் இருந்திருந்தால் ‘ஐயோ என்ன லட்சியம்’ என்று இதே இழையில் எழுதியிருப்பீர்கள். எரிமலைக்குப் பக்கத்தில் வீடு வாங்கியது அவற்றின் தப்பு.

இன்னொன்று, தட்டின் உடல் கணக்கு. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் போகப் போக வரிப்பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், ஒலியளவைக் குறைக்க வேண்டும். ஊசி நடுவை நெருங்க நெருங்க ஒரு சுற்றின் நீளம் குறைவதால் கூர்மையும் குறையும். அதாவது நீண்ட படைப்பின் உச்சக்கட்டம் எப்போதும் தட்டின் மோசமான இடத்தில் வந்து விழும். ‘அக்வாடார்கஸ்’ பழைய தட்டுகளில் மங்கலாகக் கேட்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

பாதிராத்திரி

என் தட்டில் மங்கலாகக் கேட்பதற்குக் காரணம் நான்.

புதுக்காது

வணக்கம். இழையைப் படித்துவிட்டு நேற்றுதான் முதல் தடவை கேட்டேன். தொடக்கத்தில் தூரத்திலிருந்து ஏதோ முனகல் பெருகிவந்ததும் ஒலியைக் கூட்டிவிட்டேன், அப்புறம் ஆர்கன் வந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். எந்தப் பதிவைக் கேட்பது நல்லது? நிறைய இருக்கிறதே.

கறுப்புவட்டு

முதலில் மூலப்பதிவைப் பத்து தடவை கேளுங்கள், அப்புறம் மற்றவை. 2012இல் ஸ்டீவன் வில்சன் செய்த மறுகலவை (ரீமிக்ஸ்) வந்தது. அதில் பேஸ் கிதார் தனியாக எழுந்து நிற்கும். லேக் எவ்வளவு நுணுக்கமாக எமர்சனின் இடது கையோடு ஒட்டி வாசிக்கிறார் என்று அதில்தான் எனக்குப் புரிந்தது. வேண்டாம் என்று சொன்ன ஆள் வாசிக்கிற வாசிப்பா அது!

1974இல் மூன்று தட்டுகளாக வந்த நேரடிப் பதிவில் டார்கஸ் இருபத்தேழு நிமிடம் ஓடும். ‘பேட்டில்ஃபீல்ட்’ நடுவே லேக் தன் பழைய குழுவின் ‘எபிடாஃப்’ பாட்டிலிருந்து சில வரிகளைச் செருகிவிடுவார். எனக்கு அங்கே மயிர்க்கூச்செறியும்.

எதிர்ப்பாட்டு

அந்த நேரடிப் பதிவில் அக்வாடார்கஸ் பக்கத்து ஊருக்குப் போய் வருகிறது. மூக் சின்தசைசரில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். அந்த ஒரு சுரத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பேசுவது? ஸ்டூடியோவில் அந்த அணிவகுப்பு நடை போதுமான நீளத்தில் இருக்கிறது: நடக்கிறது, தேய்கிறது, கோங் ஒன்று அதிர்கிறது, மறுபடி அந்தப் பத்து எண்ணிக்கை வந்து கதவைச் சாத்துகிறது. அதோடு விட வேண்டும். ஆமாம், நான் திட்டுகிற ஆல்பத்தை நிறையத் தடவை கேட்டிருக்கிறேன், யாரும் கேட்க வேண்டாம்.

மடிப்பட்டை

புதுக்காதுக்கு இன்னொன்று. ஜப்பானிய இசையமைப்பாளர் தகாஷி யோஷிமட்சு முழுப் படைப்பையும் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதினார். 2010இல் டோக்கியோவில் அரங்கேறியது. 2012இல் ஜப்பான் தொலைக்காட்சியின் வரலாற்றுத் தொடர் ஒன்றிலும் அது ஒலித்தது, பன்னிரண்டாம் நூற்றாண்டு சாமுராய் கதைக்கு! ஹாமண்ட் ஆர்கனின் வேலையை ஒரு கூட்டம் வயலின்கள் பங்கு போட்டுக்கொள்ளும்போது அந்த நாலாம் சுர அடுக்கு எவ்வளவு பெரிய கட்டடம் என்று தெரியும். ஆனால் ‘டிக்’ சத்தம் இருக்காது.

ஆர்கன்விரல்

அந்த ‘டிக்’ இல்லாமல் எனக்கு ஒட்டவில்லை. உப்பில்லாத பண்டம்.

சுழல்மேசை

நேற்றிரவு ஒரு வேலை செய்தேன். தட்டைத் தலைகீழாகக் கேட்டேன். முதலில் இரண்டாம் பக்கம், அப்புறம் முதல் பக்கம்.

ஜெரமி பெண்டர் முதல் பாட்டாக வரும்போது அவ்வளவு எரிச்சல் வரவில்லை. ஏதோ குழுவினர் வாத்தியம் சரிபார்க்கிற மாதிரி போய்விடுகிறது. ‘பிட்சஸ் கிரிஸ்டல்’ என்னை நிமிர வைத்தது. லேக் தொண்டை கிழியக் கத்துவார் என்றே எனக்கு மறந்துவிட்டது. ‘தி ஒன்லி வே’யை விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். ஆர்கன்விரல் சொன்னது சரி, பியானோ மாறுகிற இடத்தில் ஒட்டு தெரியவில்லை, இரண்டு தடவை ஊசியைத் தூக்கி வைத்துத் தேடினேன்.

‘எடி’ மட்டும் இன்னும் முடியவில்லை. ஆனால் அதன் கடைசியில் ஒரு குரல், சாண்ட்விச்சுக்கு ஹாமும் சீஸும்தான் இருக்கிறது என்கிற மாதிரி திரும்பத் திரும்பக் கத்துகிறதே, இத்தனை நாள் அதைக் கேட்டதே இல்லை. அதற்கு முன்பே ஊசியை எடுத்துவிடுவேன். இந்த வரிசையில் அந்தக் குரல் முடிந்த கையோடு தட்டைத் திருப்பினேன். சாப்பாட்டு இடைவேளை முடிந்து ஆட்கள் உள்ளே போகிறார்கள், அந்த முனகல் பெருகுகிறது, எரிமலை வெடிக்கிறது. அடுத்த தடவையும் இப்படித்தான் கேட்பேன் போலிருக்கிறது.

‘பேட்டில்ஃபீல்ட்’ வரும்போது கறுப்புவட்டு அண்ணன் சொன்ன கதவு ஞாபகம் வந்தது. இனி அந்தக் கதவுச் சத்தம் இல்லாமல் என்னால் கேட்க முடியாது, நன்றியா கோபமா தெரியவில்லை.

கண்டநடை

எல்லாம் இருக்கட்டும். ‘இன்ஃபினிட் ஸ்பேஸ்’ ஏழுதானே? நான் மிச்ர சாபு போட்டுக்கொண்டே போகிறேன், ஓரிடத்தில் கை கழன்றுவிடுகிறது.

ஆர்கன்விரல்

ஏழுதான். கையை விட்டுவிட்டுக் காலால் போடுங்கள்.

கண்டநடை

போட்டேன். காலும் கழன்றது.